நீ உண்டாக்கின முகத்தார்

கண்ணு,

நேத்து நீ போன்ல கேட்டதுக்கு "சரிப்பா, பாக்கலாம்"னு சொல்லி வெச்சிட்டேன். நீ அத சம்மதம்னு எடுத்துக்கினு இருப்ப. அது சம்மதம் இல்ல. வாய்ல வந்தத அல்லாம் அப்பவே கொட்டியிருந்தா "அம்மா, மீட்டிங்ல கீறேன்"னு கட் பண்ணிட்டு இருப்ப. அதான் குந்தி எழுதறேன். "அன்புள்ள மகனுக்கு, நலம், நலமறிய ஆவல்"னு தமிழ் வாத்தியாரு மெச்சற மாதிரி எழுத எனக்கும் தெரியும், பத்தாங்கிளாஸ் பாஸ் பண்ணவதான் நானு. வேணும்னேதான் அப்படி எழுதல. எந்தப் பேச்சக் கேட்டா உனக்குக் கூச்சமா கீதோ, அந்தப் பேச்சுலதான் இத நீ படிக்கணும். யாரு கைல வேணா குட்த்து படிக்கச் சொல்லு, இதுல நான் மறைக்க ஒண்ணியும் இல்ல.

நீ கேட்டது இன்னா? உனக்கும் மீராவுக்கும் கல்யாண ரிசப்ஷன் நடக்கற அன்னிக்கு உன் பெங்களூரு தோஸ்துங்க சேந்து மேடைல ஒரு நாடகம் போடப் போறாங்க. ஞாயித்துக்கிழமை ஆனா வட்டமா குந்திகினு கட்டை உருட்டி வெளையாடுவீங்களே, அந்த வெளையாட்டுல இருந்து ஒரு சீனு. அதுல நீ உண்டாக்கின முகத்தார்ங்கற ஜனத்துக்கு நான் தலைவியா வந்து அஞ்சே நிமிஷம் பேசணும். "அன்னிக்கு எங்க ரூம்ல பேசினியேம்மா, அதே மாதிரி பேசினா போதும். மீரா ரொம்ப ஆசப்படறா. அல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க"ன்னு சொன்ன பாரு, அந்தக் கடைசி வார்த்தைய சொல்லும்போது உனக்கு நாக்கு கூசலயாடா?

மொதல்ல இருந்து வரேன். உனக்கு மறந்திருக்கும், பெங்களூரு போனதுல இருந்து உனக்கு நெறய மறந்து பூடுச்சி. நீ பதினொண்ணாவது படிக்க சொல்ல, பாரிமுனை பிளாட்பாரத்துல ஒரு பழைய இங்கிலீசு வெளையாட்டு புக்க வாங்கினு வந்த. நீயும் வண்ணாரப்பேட்டை சலீமும் பாதிப்பாதி காசு போட்டு வாங்கினது. திருவொத்தியூர்ல நம்ம வூட்டு வராண்டாவுல பசங்கள இட்டாந்து குந்த வெச்சுகினு மத்தியானம் பூரா ஒரே கத்தல். ஒருத்தன் கதை சொல்றான், மத்தவன் அல்லாம் அந்தக் கதைக்குள்ள ஒரு ஆளா இருந்துகினு பேசறான். சண்ட வந்தா என் தாயக்கட்டைய உருட்டி எவன் ஜெயிச்சான்னு பாக்கறீங்க. எனக்கு மொதல்ல எரிச்சலாத்தான் இருந்துச்சு. கொழாத் தண்ணி வர்ற நேரத்துக்கு ஒரு கொடம் புடிச்சி குடுக்க ஆள் இல்ல, இங்க இன்னாடா ராஜா மந்திரி வெளையாட்டுன்னு திட்டிக்கினே இருந்தேன்.

அந்த புக்குல காது நீண்டவன் ஒரு ஜாதி, தாடி வெச்ச குள்ளன் ஒரு ஜாதின்னு அவங்க ஊரு ஆளுங்களாவே இருந்தாங்க. சலீம்தான் சொன்னான், "மாமு, இவனுங்கள நம்ம ஏரியாவுல எங்கயும் பாத்ததே இல்லயேடா, நம்மளே புதுசா ஜனத்த உண்டாக்கலாம்"னு. நீங்க ரெண்டு பேரும் பரிட்சைக்குக் கூட அப்படி ஒழைக்கல. மூணு ஜனம் உண்டாக்கினீங்க. சலீம் அவங்க அப்பாவோட சாத்தாங்காடு இரும்புக் கடைல துருப்புடிச்ச தகடுங்க நடுவுலயே வளந்தவன், அவன் இரும்புத்தின்னிங்கன்னு ஒரு ஜனத்த உண்டாக்கினான். பழைய இரும்ப துன்னுட்டு புது இரும்ப முதுகுல மொளைக்க வெக்கறவங்க. உங்க நைனாவும் அதே இரும்பு மார்க்கெட்ல லோடு ஏத்திகினு இருந்தவருதான. அத்தக் கேட்டுட்டு சட்டையக் கழட்டி முதுகுல கீற தழும்பக் காட்டி "டேய் சலீமு, எனக்கு மொளைக்க ஆரம்பிச்சிடுச்சிடா"ன்னு ஒரு சிரிப்பு சிரிச்சாரு பாரு. வேலைய வுட்டு வந்து அந்த மனுசன் அப்படி சிரிச்சி நான் பாத்ததே இல்ல.

அடுத்தது மேட்டார். மேட்டுல கோட்டை கட்டிகினு வாழறவங்க, ஆயுசு பூரா காலு நனையாதவங்க. அவங்கள வில்லனா வெக்கலாம்னு பசங்க சொன்னப்ப நீதான் வாணாம்னு சொன்ன. "அவங்க கெட்டவங்க இல்லடா, அவங்களுக்கு நம்மளப் பத்தி ஒண்ணும் தெரியாது, அவ்ளோதான்"னு சொன்ன. பதினாறு வயசுல உனக்கு அந்தப் புத்தி இருந்துச்சு.

மூணாவதுதான் முகத்தார். அது உன்னோட ஜனம். ஆறு கடல்ல சேர்ற முகத்துவாரத்துல வாழறவங்க. நான் பொறந்த நெட்டுக்குப்பத்தப் பாத்துதான் அத செஞ்ச, எனக்குத் தெரியாதா? நான் அரிசி களைஞ்சிகினே கேப்பேன், "டேய், உன் முகத்தாருங்க இன்னா துன்னுவாங்க? புள்ள பொறந்தா இன்னா பேரு வெப்பாங்க? ஒருத்தன் செத்தா எங்க கொண்டு போவாங்க?"ன்னு. நீ ஓடிப் போய் நோட்டுல எழுதிக்குவ. அப்பால ஒரு நாள் நல்லா பாத்துட்டு கேட்டேன், "ஏண்டா, இதுல ஒரு பொம்பளைய கூட காணோமே, இவனுங்க அல்லாம் மரத்துலயா காய்ச்சி தொங்கினானுங்க?"ன்னு. சலீம் வராண்டாவுல உருண்டு சிரிச்சான். அடுத்த ஞாயித்துக்கிழமை பாத்தா முகத்தாருக்கு தலைவியே ஒரு பொம்பள. அன்னிக்கு எவ தண்ணில எறங்கினாளோ அவதான் கூட்டத்துல மொதல்ல வாயத் தொறக்கணும், அவ பேசி முடிக்கற வரைக்கும் தலைவி கூட வாயத் தொறக்கக் கூடாதுன்னு ஒரு சட்டம் வேற வெச்ச. எங்கருந்துடா இது வந்துச்சுன்னு கேட்டதுக்கு, "நீ வேலை வுட்டு வந்தா மொதல்ல நீதானம்மா பேசற, நாங்க அல்லாம் கேக்கறோம்"ன்ன.

இன்னொண்ணும் வெச்ச. முகத்தாருங்களோட கை எப்பவும் சில்லுன்னு இருக்கும், யாருக்காவது ஜுரம்னா அவங்க நெத்தில கைய வெச்சா எறங்கிடும்னு. எறா கம்பெனில காலைல இருந்து ஐஸ் தண்ணில கைய வுட்டு உரிச்சிகினு இருந்தா கை சில்லுன்னுதான் இருக்கும். உனக்கு டைபாய்டு வந்தப்ப வேலைல இருந்து வந்து அந்தக் கையத்தான் உன் நெத்தில வெப்பேன், நீ "எடுக்காதம்மா எடுக்காதம்மா"ன்னு புடிச்சிகினு கெடப்ப. அந்த வேலைய நான் பெருமையா நெனச்சது கெடையாது. கை நாறும், நகம் செத்துப் பூடும். நீ அத்த ஒரு ஜனத்தோட வரமா ஆக்கின. அத நீ பசங்களுக்கு சொல்லிகினு இருந்தத உள்ள இருந்து கேட்டுட்டு நான் அடுப்பாண்ட நின்னு அழுதேன். இத உங்கிட்ட இதுவரைக்கும் சொன்னது இல்ல.

அப்பால காலேஜு, பெங்களூரு, வேலை. வெளையாட்ட மட்டும் நீ வுடல, அங்கயும் ஆளுங்களப் புடிச்சி ஆடறேன்னு சொன்ன. முகத்தாரு இன்னும் கீறாங்களாடான்னு கேட்டேன். "கீறாங்கம்மா, அவங்கதான் அங்க அல்லாருக்கும் ஃபேவரைட்"டுன்ன. எனக்கு எவ்ளோ குஜாலா இருந்துச்சு தெரியுமா? நெட்டுக்குப்பத்துல எங்க அண்ணன் பொண்டாட்டி கைல கூட சொன்னேன், நம்மளப் பாத்து எம்புள்ள செஞ்ச ஜனத்த பெங்களூரே கொண்டாடுதுடின்னு. அவளுக்கு ஒண்ணும் புரியல, ஆனா சிரிச்சா.

தீவாளிக்கு முன்னாடி உன்னப் பாக்க வந்தேனே, அந்த வாரம்தான் அல்லாம் வெளுத்துச்சு. நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு செஞ்சி எடுத்தாந்தேன். நீ அத ரெண்டு கவர் போட்டு கட்டி பால்கனில வெச்ச. "ஃபிரண்ட்ஸ் வருவாங்கம்மா"ன்ன. சரின்னுட்டேன். அப்பால, "அம்மா, அவங்க கைல கொஞ்சம் நீட்டா பேசேன், இன்னா, கீதுன்னு அல்லாம் வாணாமே"ன்ன. அதுக்கும் சரின்னுட்டேன். புள்ள நல்லா இருந்தா போதும்னு நெனக்கற பைத்தியக்காரிதான நானு. ரெண்டு நாள் நான் ரேடியோல நியூஸ் படிக்கறவ மாதிரி "வாருங்கள், அமருங்கள், காபி அருந்துகிறீர்களா"ன்னு பேசிகினு இருந்தேன். மீரா என்னைப் பாத்து "ஆன்ட்டி எவ்ளோ அழகா தமிழ் பேசறாங்க"ன்னு சொன்னா. நீ மூஞ்சிய அந்தாண்ட திருப்பிக்கின.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் அல்லாரும் வந்து குந்தினாங்க. இப்போ கட்டை அல்லாம் பளிங்கு மாதிரி, இருவது பக்கம் வெச்சது. நான் ஓரமா ஒரு சேர்ல இருந்தேன். கதை வளந்துகினே வந்து, மேட்டாருங்க கப்பல்ல வந்து முகத்துவாரத்துல பெரிய உலை கட்டணும்னு கேக்கற எடம் வந்துச்சு. முகத்தார் தலைவி பதில் சொல்லணும். மீராதான், பாவம் நல்ல மனசோட, "ஆன்ட்டி, நீங்க சும்மாவே உக்காந்திருக்கீங்க, தலைவியா நீங்க பேசுங்களேன்"னா. நான் உன்னப் பாத்தேன். நீ "அம்மாவுக்கு அது அல்லாம் வராது"ன்னு முணுமுணுத்த. எனக்கு ரோசம் வந்துடுச்சு. எனக்கா வராது? அந்தத் தலைவி பொறந்ததே நான் அரிசி களைஞ்ச எடத்துல.

எழுந்து நின்னு பேசினேன். ரெண்டு நாளா அடக்கி வெச்ச வாயி தானா தொறந்துகிச்சு. "யோவ், இன்னாத்துக்குய்யா எங்க தண்ணியாண்ட வந்து நின்னுகினு கீற? இது எங்க ஆத்தா எங்கள குளிப்பாட்டின தண்ணி. எறா எந்த சந்துல பூந்து எந்த சந்துல வெளிய வரும்னு எங்க கொயந்தைக்குத் தெரியும், உனக்கு இன்னா தெரியும்? நீ சாம்பலக் கொட்டிட்டு மேட்டுக்கு பூடுவ. நாங்க எங்க போறது? காலு வெச்சா முட்டி வரைக்கும் சாம்பலா கீதுய்யா, வலைய வுட்டா சாம்பல்தான்யா வருது"ன்னு. அது வெளையாட்டுக்குப் பேசின பேச்சு இல்லடா. கரண்டு கம்பெனி சாம்பல் ஆத்துல எறங்கினதுல இருந்து எங்க அண்ணன் வலைய காய வெச்சிகினு சொம்மா குந்தியிருந்தத நெனச்சிகினு பேசினேன்.

அல்லாரும் சிரிச்சாங்க. லேசா இல்ல. கண்ணுல தண்ணி வர, வயித்தப் புடிச்சிகினு சிரிச்சாங்க. ஒரு பையன் தரைலயே சாஞ்சிட்டான். நான் எங்கயோ தப்பா பேசிட்டேன் போலன்னு நெனச்சி, "ஏம்ப்பா, நான் இன்னா தப்பா சொன்னேன்?"னு கேட்டேன். அந்த "இன்னா"வுக்கு இன்னொரு தபா சிரிப்பு. கண்ணாடி போட்ட பையன் ஒருத்தன்தான் வெளக்கமா சொன்னான். வெளையாட்டுல முகத்தாருன்னா அறிவுக்கு ரெண்டு மார்க்கு கொறச்சலாம். கை சில்லுன்னு வழவழன்னு இருக்குமாம், அதனால எவனும் அவங்களத் தொட மாட்டானாம். மீன் நாத்தம் அடிக்கறதால எங்கயும் ஒளிஞ்சிக்க முடியாதாம். கூட்டத்துல பொம்பளைங்கதான் மொதல்ல கத்துவாங்களாம், கொழாயடி சண்ட மாதிரி. "பேசற ஸ்டைலுதான் ஆன்ட்டி ஹைலைட்டே, இவன் பண்ணா நாங்க சிரிச்சே செத்துடுவோம்"னான்.

நீ புதுசா ஒண்ணியும் சேக்கலடா. அதான் எனக்கு வயிறு எரியுது. நீ பதினாறு வயசுல எங்களுக்குக் குட்த்த ஒவ்வொண்ணயும் அப்படியே எடுத்து தலகீழா கவுத்து வெச்சிகீற. ஜுரத்த எறக்கின கை, தொடக் கூடாத கையா ஆயிடுச்சு. வேற எவனாவது செஞ்சிருந்தா, தெரியாதவன், காலு நனையாதவன்னு வுட்டுடுவேன். நீ தெரிஞ்சே செஞ்ச.

அதுக்கும் மேலதான் மீரா வந்து என் கையப் புடிச்சா. "ஆன்ட்டி, செம! இவன விட நீங்கதான் கரெக்டா பண்றீங்க. இவனா சொல்லிக் குடுத்தான்?"னு கேட்டா. அந்தப் பொண்ணு கேட்டதுல ஒரு விஷமும் இல்ல. நான் உன்னப் பாத்தேன். "எங்கம்மா பேசறதே இப்படித்தான், நானும் இப்படித்தான் பேசிகினு இருந்தேன்"னு நீ சொல்லியிருக்கலாம். இன்னாடா ஆயிருக்கும்? வானமா இடிஞ்சி வுழுந்துடும்? நீ சிரிச்சிகினே, "ஆமா, ரெண்டு நாளா அம்மாவுக்கு ட்ரெயினிங்"னு சொன்ன. உனக்குப் பேச்சு வந்தது என் மடில. எனக்கு நீ ட்ரெயினிங் குட்த்தியாம். நான் சமையக்கட்டுக்குப் போய் கொழாயத் தொறந்து வுட்டு, கழுவின பாத்திரத்தயே திரும்பத் திரும்பக் கழுவிகினு நின்னேன். நீ பின்னாடி வந்து "தப்பா எடுத்துக்காதம்மா, சொம்மா கேம்தான இது"ன்ன.

கேமா? கேம்னா அது கட்டைய மூட்டை கட்டின ஒடனே முடியணும். நிச்சயதார்த்தம் நடந்துச்சே, அதுவும் கேமா? நம்ம வூட்டுக்கு மீரா வூட்டாளுங்க வர வாணாம்னு ஓட்டல்ல வெச்ச. எனக்கு தொண்ட கட்டிகினு கீது, பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருன்னு அவங்க கைல சொல்லி என்னைப் பொம்ம மாதிரி குந்த வெச்ச. அவங்க கைல நீ சொன்னது, உங்க நைனாவுக்கு ஸ்டீல் பிசினஸ். எனக்கு கடல் உணவு எக்ஸ்போர்ட். அடப்பாவி, பொய் சொல்றதுலயும் நீ கெட்டிக்காரன்தான், ஒண்ணொண்ணும் பாதி உண்மையா கீது. சலீமுக்கு பத்திரிக்க கூட வெக்கல. அவன் போன வாரம் மார்க்கெட்ல உங்க நைனாவப் பாத்து, "அங்கிள், மாமு பிஸியா இருப்பான், எனக்கு தேதி தெரியும், நானே வந்துடறேன்"னு சொல்லி அனுப்பிச்சிகீறான். அவன் மூஞ்சில எப்படி முழிப்ப நீ?

கல்யாணம் பண்ணிக்கப் போறவனுக்கு பெத்தவ புத்தி சொல்லணும்னு ஒரு வழக்கம் கீது, அதனால சொல்றேன், கேட்டா கேளு. நீ ஜனங்கள உண்டாக்கறவன். ஒரு ஜனத்த உண்டாக்கறதுன்னா சொம்மா இல்லடா. அவங்க எத்தப் பாத்து அழுவாங்கன்னு தெரியாம, எத்தப் பாத்து சிரிக்கலாம்னு மட்டும் எழுதினா அது ஜனம் இல்ல, பொருட்காட்சில வெக்கற குரங்கு பொம்ம. மத்தவங்க சிரிக்கறதுக்குன்னே ஒரு ஜனத்த எந்த சாமியும் படைக்கல. குடும்பமும் அதே மாதிரிதான். நீயும் மீராவும் சேந்து ஒரு வூட்ட உண்டாக்கப் போறீங்க. அதுக்கு ஒரு வழக்கம், ஒரு பேச்சு, ஒரு சாப்பாடு அல்லாம் தானா வரும். அதுல உன் பங்குக்கு நீ இன்னாத்த எடுத்துகினு போகப் போற? அந்த ஸ்டீல் பிசினஸையா? நாளைக்கு உனக்கு ஒரு புள்ள பொறந்து, ஜுரத்துல கெடந்தா, நான் வந்து அது நெத்தில கைய வெக்கலாமா, வாணாமா? இதுக்கு எனக்கு பதில் தெரியல. தெரியாம தூக்கம் வரல.

மீரா மேல எனக்கு துளி கோவம் இல்ல. நல்ல பொண்ணு. நான் ஊருக்குக் கெளம்பச் சொல்ல ஸ்டேஷன் வரைக்கும் வந்து பைய தூக்கினா, அதுக்கு முன்னாடியே பால்கனில இருந்த கருவாட்டுத் தொக்க எடுத்து "இத ஏன் ஒளிச்சு வெச்சிருக்கான்"னு கேட்டு ரெண்டு தோசைக்கு தொட்டுத் துன்னா. அவ சிரிச்சது தெரியாம சிரிச்சது. தெரிஞ்சா சிரிப்பாளா மாட்டாளான்னு பாக்கற தைரியம் உனக்குத்தான் இல்ல. அவள இவ்ளோ கேவலமா நெனச்சிகினு அவ கழுத்துல எப்படிடா தாலி கட்டுவ?

நானே மீரா கைல சொல்லிடலாம். அவ நம்பர் என் கைல கீது. நான் சொல்ல மாட்டேன். அது உன் வாய்ல இருந்து வரணும். உங்க நைனாவுக்கும் நான் இதுவரைக்கும் மூச்சு வுடல. முகத்தாருங்க இன்னும் அந்தப் பழைய முகத்தாருங்கதான்னு அந்த மனுசன் நம்பிகினு கீறாரு. மேடைல நான் பேசப் போறேன்னு நீ சொன்னத மட்டும்தான் சொன்னேன். மொத வரிசைல எடம் புடிக்கணும்னு புதுச் சட்டையோட நிக்கறாரு.

அதனால கேட்டுக்க. நான் வரேன். நம்ம ஆளுங்க அல்லாரும் வராங்க, சலீமும் வரான், எங்க அண்ணனும் நெட்டுக்குப்பத்துல இருந்து வராரு. நீ சொன்ன எடத்துல மேடை ஏறுவேன். உன் தோஸ்துங்க எழுதிக் குடுக்கறத நான் பேச மாட்டேன். மைக்க வாங்கி, "எம்புள்ள நல்லா இருக்கணும்பா, மருமவளும் நல்லா இருக்கணும், நீங்க அல்லாம் வயிறார துன்னுட்டுப் போங்க"ன்னு என் பேச்சுல, நான் பேசற மாதிரியே சொல்லப் போறேன். அதுக்கு முன்னாடி நீ மீரா கைலயும், அங்க கீற அல்லார் கைலயும் நான் யாருன்னு சொல்லியிருந்தா, அது ஒரு அம்மா வாழ்த்தறது. சொல்லலன்னா அதே வார்த்தைக்கு அங்க கீற அல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க, மொத வரிசைல உங்க நைனா ஒண்ணும் புரியாம பாத்துகினு இருப்பாரு. வார்த்த ஒண்ணுதான், நான் மாத்தப் போறது இல்ல. சபை சிரிச்சா சிரிக்கட்டும். நான் அவங்களப் பாக்க மாட்டேன், உன் மூஞ்சியத்தான் பாத்துகினு நிப்பேன்.

உன்னப் பெத்தவ